வசந்தகாலப் பனியில் முந்தைய இரவுதான் முக்கியம்

வசந்தகாலத்தில் பனிமலைக்குக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் மறுநாள் பகல் எப்படி இருக்கும் என்றுதான் விசாரிப்பார்கள். வெயில் அடிக்குமா, மேகம் கட்டுமா, காற்று எப்படி என்று கேட்பார்கள். நானும் கேட்பேன். ஆனால் போவதா வேண்டாமா என்று முடிவெடுக்க எனக்கு அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு: இன்று ராத்திரி பனி உறையுமா? பல வருடங்களாக இந்தப் பருவத்தில் மலையேறி வருகிறேன். ஈரப்பனிச் சரிவுகளைப் பற்றி, அதாவது நனைந்த பனி மலையிலிருந்து மொத்தமாகச் சரிந்து விழுவதைப் பற்றி, நான் கற்றுக்கொண்டதில் பாதிக்கு மேல் இந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிடும்.

குளிர்காலத்துப் பனிச்சரிவுகளின் கதை வேறு. காய்ந்த பனி பாளம் பாளமாக உடைந்து சரிகிற விபத்துகளில் பத்தில் ஒன்பது தடவை, மாட்டிக்கொண்டவரோ அவருடன் வந்த யாரோதான் அதைக் கிளப்பிவிட்டிருப்பார்கள். அதனால் பனிப் பயிற்சிகளில் சொல்லித்தருவதில் பெரும்பகுதி நம் எடையைப் பற்றியதாக இருக்கும். ஒருவர் பின் ஒருவராக இடைவெளிவிட்டுக் கடக்க வேண்டும், குழி தோண்டி அடுக்குகளைச் சோதிக்க வேண்டும், பாளம் மெலிந்த இடத்தை மிதிக்கக் கூடாது. ஈரப்பனிச் சரிவு பெரும்பாலும் தானாகவே கிளம்பி வருகிறது. நீங்கள் அந்த மலைச்சரிவில் கால் வைத்தீர்களா, பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தீர்களா என்பதெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. வெயிலோ மழையோ தேவையான தண்ணீரைப் பனிக்குள் இறக்கிவிட்டால் அது வந்தே தீரும். அந்த நேரத்தில் அதன் வழியில் நாம் இல்லாமல் பார்த்துக்கொள்வதுதான் நம் கையில் இருக்கிறது.

பனிக்குள் நடப்பதைக் கொஞ்சம் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். குளிர்காலம் முழுக்கப் பனியின் உள்ளடுக்குகள் பூஜ்யத்துக்குக் கீழே இருக்கும். வெயில் ஏற ஏற மேற்பரப்பில் உருகிய நீர் கீழே இறங்கும், குளிர்ந்த அடுக்கைத் தொட்டதும் மறுபடி உறையும். உறையும்போது அது வெளியே விடுகிற வெப்பம் அந்த அடுக்கைச் சூடாக்கும். இப்படியே போய், ஒரு கட்டத்தில் மேலிருந்து தரை வரை மொத்தப் பனியும் 0 டிகிரிக்கு வந்துவிடும். அதற்கப்புறம் இறங்குகிற தண்ணீருக்கு உறைய இடமில்லை. துகள்களுக்கு நடுவே தேங்கும், ஓடும், துகளையும் துகளையும் பிணைத்திருக்கும் ஐஸ் முடிச்சுகளைக் கரைக்கும். வழியில் ஒரு ஐஸ் தகடோ, பெரிய துகள்களாலான பலவீனமான பழைய அடுக்கோ குறுக்கிட்டால் அங்கே தண்ணீர் தேங்கி, மேலே இருக்கிற பாளம் மொத்தத்துக்கும் பிடி விட்டுப்போகும்.

இதைக் கையாலேயே சோதிக்கலாம். கையுறையோடு ஒரு பிடி பனியை அள்ளி அழுத்துங்கள். உருண்டையாகப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் அது வெறும் ஈரம்தான். கன அளவில் 3 சதவீதத்துக்கும் குறைவான நீர். அந்த அளவு நீர் பனியை ஒட்டவைக்கவே செய்யும். துகள்களுக்கு நடுவே பளபளப்பாக நீர் தெரிந்தாலும் பிழிந்தால் வரவில்லை என்றால் 3 முதல் 8 சதவீதம். விரலிடுக்கில் தண்ணீர் சொட்டினால் 8 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. சொட்டுகிற பனிக்குக் கீழே நான் நிற்க மாட்டேன்.

சரி, இரவுக்கு வருகிறேன்.

ஒருமுறை மரங்களின் எல்லைக்குச் சற்று மேலே ஒரு குடிலில் தங்கியிருந்தோம். விடிவதற்கு வெகு முன்பே எழுந்து வெளியே வந்தபோது, கதவருகே தொங்கிய தெர்மாமீட்டர் பிளஸ் 2 டிகிரி காட்டியது. எங்களில் இளையவன் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "பூஜ்யத்துக்குக் கீழ போகவே இல்லையே அண்ணா, திரும்பப் படுத்துடலாமா?" என்றான். வானத்தில் ஒரு துண்டு மேகம்கூட இல்லை, நட்சத்திரங்கள் கொட்டிக்கிடந்தன. ஐஸ் கோடாரியின் அடிமுனையைப் பனியில் ஊன்றிப் பார்த்தேன், இறங்கவில்லை. உடம்பெடை முழுவதையும் போட்டு அழுத்தினேன், அப்போதும் ஒரு விரற்கடைதான் போனது. கிளம்பினோம். பூட்ஸ் அடியில் மாட்டும் முள்தகடான கிராம்பான் கடக் கடக் என்று கடிக்கிற மாதிரியான அருமையான இறுகிய பனி அன்று.

மறுநாளும் அதே நேரத்துக்கு எழுந்தோம். தெர்மாமீட்டர் முந்தைய நாளைவிடக் குறைவாக, பூஜ்யத்தை ஒட்டி இருந்தது. ஆனால் ராத்திரியில் மேகம் வந்து மூடியிருந்தது, ஒரு நட்சத்திரமும் தெரியவில்லை. கோடாரியை ஊன்றினேன். மேலே மெல்லிய ஓடு ஒன்று சடக்கென உடைந்தது, அதற்குக் கீழே கம்பு எதிர்ப்பே இல்லாமல் பாதி நீளம் இறங்கிவிட்டது. அன்றைய திட்டத்தை அங்கேயே கைவிட்டோம். குடிலில் உட்கார்ந்திருப்பது எல்லோருக்கும் எரிச்சலாகத்தான் இருந்தது. காலை எட்டு மணிக்கெல்லாம், சூரியன் மேகத்துக்குப் பின்னால் இருந்தபோதே, எதிர்ச் சரிவில் சின்னச் சின்னப் பனிச்சரிவுகள் கிளம்ப ஆரம்பித்தன. அதற்கப்புறம் யாரும் எதுவும் சொல்லவில்லை.

காற்றின் வெப்பநிலை ஒன்று, பனிப் பரப்பின் வெப்பநிலை இன்னொன்று. பனி இரவு முழுக்கத் தன் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிராக வானத்துக்கு விட்டுக்கொண்டே இருக்கும். வானம் தெளிவாகவும் காற்று வறண்டும் இருந்தால் அந்த வெப்பம் போனது போனதுதான். காற்று பூஜ்யத்துக்குச் சற்று மேலே இருந்தாலும் பனியின் மேற்பரப்பு உறைந்துவிடும். மேகம் இருந்தால் அது வெப்பத்தைத் திருப்பி அனுப்பிவிடும். காற்றில் ஈரப்பதம் அதிகமாக இருந்தாலும் உறைவது சரியாக நடக்காது. ஆகவே வானிலை முன்னறிவிப்பில் நான் தேடுவது குறைந்தபட்ச வெப்பநிலையை மட்டுமல்ல. இரவு மேகமூட்டம், ஈரப்பதம் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பேன். தொடர்ந்து இரண்டு மூன்று இரவுகள் உறையாமல் போனால், எவ்வளவு ஆசையாக இருந்தாலும் செங்குத்தான சரிவுகளின் பக்கம் போவதில்லை.

இதில் இன்னொரு சிக்கல், ஒரே மலையில்கூட எல்லா இடமும் ஒரே மாதிரி உறையாது. மரங்களுக்கு அடியில் இருக்கும் பனிக்கு வானமே தெரிவதில்லை, அதனால் வெப்பத்தை இழக்கவும் வழியில்லை. காட்டுக்குள் முழங்கால் வரை புதைந்து நடந்துவிட்டு, மரங்கள் முடிந்த இடத்தில் கெட்டியான ஓடு கிடைத்த காலைகள் உண்டு. அதேபோல வெட்டவெளியில் இறுகிக் கிடக்கும் பனி, பாறைகளைச் சுற்றி மட்டும் உள்ளீடற்று இருக்கும். கருமையான பாறை பகல் வெயிலை உள்வாங்கிச் சுற்றிலும் உருக்கிவைத்திருக்கும். குடில் வாசலில் ஒரே இடத்தைக் குத்திப் பார்த்துவிட்டு மலை முழுக்க உறைந்துவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. போகப் போகக் குத்திப் பார்த்துக்கொண்டே போக வேண்டும்.

இரவு நன்றாக உறைந்திருந்தால் நமக்குச் சில மணி நேரம் கிடைக்கிறது. அது எவ்வளவு என்பது சரிவு எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. பூமியின் வட பாதியில் உள்ள மலைகளில் கிழக்குச் சரிவுகள் முதலில் இளகும். காலைச் சூரியன் தாழ்வாக இருந்தாலும் செங்குத்தான கிழக்கு முகத்தில் அதன் கதிர் ஏறக்குறைய நேராக விழும். அப்புறம் தென்கிழக்கு, தெற்கு, பிற்பகலில் மேற்கு. தென் பாதியில் தெற்கும் வடக்கும் இடம் மாறிக்கொள்ளும். புதிதாக வருகிறவர்கள் தங்கள் காலடியில் இருக்கும் சரிவை மட்டுமே பார்ப்பதை நான் கவனித்திருக்கிறேன். நாம் நிழலில், குளிரில், கெட்டியான பனியில் நடந்துகொண்டிருப்போம். 500 மீட்டர் மேலே அதே மலையின் தோள் இரண்டு மணி நேரமாக வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும். அங்கே கிளம்புவது இங்கேதான் வந்து சேரும். வரைபடத்தில் நம் பாதையைப் பார்ப்பது போலவே, பாதைக்கு மேலே இருப்பது எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

அதனால் எங்கள் குழுவில் கணக்கைப் பின்னாலிருந்து போடுகிறோம். கடைசியாக இருக்கும் ஆபத்தான சரிவை எத்தனை மணிக்குள் விட்டு இறங்கியிருக்க வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்கிறோம். அதிலிருந்து இறங்கும் நேரத்தையும் ஏறும் நேரத்தையும் கழித்தால் கிளம்பும் நேரம் வருகிறது. அது நள்ளிரவு ஒரு மணி என்றால் ஒரு மணிதான். வழியில் தாமதமானால் சிகரம் கண்ணெதிரே இருந்தாலும் திரும்பிவிடுவோம். இந்த நேரத்தை முந்தைய மாலையே எல்லோரும் சேர்ந்து பேசி முடிவு செய்துவிடுவது நல்லது. மேலே போனபின் பேச ஆரம்பித்தால் இன்னும் அரை மணிதானே என்று யாராவது ஒருவர் சொல்வார், அதை மறுக்கிற தெம்பு அப்போது யாருக்கும் இருக்காது.

கடிகாரம் ஒரு பக்கம் இருக்கட்டும், பனியும் அடையாளம் காட்டும். மேற்பரப்பில் ஓரிரண்டு சென்டிமீட்டர் இளகி, கீழே ஓடு கெட்டியாக இருப்பது நல்ல நிலை. பனிச்சறுக்குக்காரர்கள் காத்திருப்பதே அதற்குத்தான். கணுக்கால் வரை புதைய ஆரம்பித்தால் நேரம் முடிந்துவிட்டது. பாறைகளுக்குக் கீழிருந்தும் மரங்களுக்குக் கீழிருந்தும் சின்ன உருண்டைகள் உருண்டு, உருள உருளப் பெரிதாகி, சக்கரமாகச் சுருண்டு வருவதைப் பார்த்தால் மேற்பரப்பு நீர் குடித்துவிட்டது என்று அர்த்தம். சரிவின் நடுவில் இருந்தால் ஓடையின் பள்ளத்தை விட்டு விலகி, பக்கத்தில் மேடாக எழும்பியிருக்கும் முதுகுப் பகுதிக்குப் போய்விடுங்கள். முகட்டு விளிம்பில் காற்று செதுக்கிவைத்த பனிக் கூரைகளும் இதே வெயிலில்தான் பிடி தளர்ந்து விழுகின்றன. அவற்றின் நேர்க்கீழே உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களை எத்தனையோ தடவை எழுப்பி நகர்த்தியிருக்கிறோம்.

ஈரப்பனி சரிவதைப் பாதுகாப்பான தூரத்திலிருந்து முழுதாகப் பார்க்கும் வாய்ப்பு ஒருமுறை கிடைத்தது. முகட்டில் உட்கார்ந்திருந்தோம், எதிரே தென்கிழக்குச் சரிவு. முன்பகல் நேரம். ஒரு பாறையின் அடியிலிருந்து கையகலப் பனி நழுவியது. சத்தமே இல்லை. அது பக்கத்தில் இருந்ததைத் தள்ள, அது இன்னும் கொஞ்சத்தைத் தள்ள, மேலே ஒரு புள்ளியாகத் தொடங்கியது கீழே போகப் போக விரிந்துகொண்டே போனது. வேகம் அப்படியொன்றும் இல்லை. காய்ந்த தூள்பனிச் சரிவு மணிக்கு 200 கிலோமீட்டரையும் தாண்டும். இது அதன் பக்கத்தில் வராது. இதைப் பார்த்து, ஓடித் தப்பித்துவிடலாம் போலிருக்கிறதே என்றுதான் எங்களில் ஒருவருக்குத் தோன்றியது. அதற்குள் அது பள்ளத்தில் இறங்கியது. அப்போதுதான் சத்தம் வந்தது, கற்களை அரைக்கிற மாதிரி அடித்தொண்டையிலிருந்து வரும் சத்தம். வழியில் இருந்த பழைய பனியைத் தரை வரை வழித்துக்கொண்டு, மண்ணும் கல்லும் கலந்து பழுப்பு நிறமாக மாறி, ஓடை வளைகிற இடமெல்லாம் வளைந்து, சமதரைக்கு வந்தபின்னும் நிற்காமல் ஊர்ந்தது. இவ்வளவு தூரம் வராது என்று நான் மனதுக்குள் போட்டிருந்த கோட்டைத் தாண்டி வெகுதூரம் போய்த்தான் நின்றது.

மறுநாள் அதிகாலையில் அதன் அருகே போய்ப் பார்த்தோம். தலையளவு, பானையளவு உருண்டைகள் ஒன்றோடொன்று இறுகிக் கிடந்தன. ஓரங்களில் உரசிச் சென்ற பள்ளங்கள் வழவழப்பாக இழைத்துவைத்ததுபோல் இருந்தன. பூட்ஸால் எட்டி உதைத்தால் கால்தான் வலித்தது. பனி அள்ளும் அலுமினிய ஷவலால் வெட்டிப் பார்த்தேன், டங்கென்று எகிறியது. ராத்திரி முழுக்க உறைந்ததும் ஒரு காரணம்தான். ஆனால் ஈரப்பனி நின்ற சில நிமிடங்களிலேயே காய்ந்த சிமென்ட்டாக இறுகிவிடுகிறது. ஒரு கன மீட்டர் அரை டன்னைத் தாண்டும். புதிதாக விழுந்த உலர்ந்த பனியோ 100 கிலோ அளவுதான், பல நேரம் அதற்கும் கீழே. பனியில் புதைந்தவரை முதல் பத்து, பதினைந்து நிமிடங்களுக்குள் வெளியே எடுத்தால் பிழைக்கும் வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது, அதன்பின் மளமளவென்று சரிகிறது. அந்த நிமிடங்களுக்குள் இந்த மாதிரிப் பனியில் ஒரு மீட்டர் ஆழம் தோண்ட வேண்டும் என்று நினைத்துப் பார்த்தாலே போதும். அடர்த்தியான ஈரப்பனிக்குள் மூச்சுக்கான காற்றும் குறைவு.

பீக்கன் (புதைந்தவரைக் கண்டுபிடிக்க ரேடியோ அலை அனுப்பவும் பெறவும் உதவும் கருவி), ப்ரோப் (பனிக்குள் குத்தித் தேடும் நீளக் கம்பி), ஷவல் மூன்றும் இல்லாமல் நான் போவதில்லை. பீக்கன்கள் எல்லாமே 457 கிலோஹெர்ட்ஸ் என்ற ஒரே அலைவரிசையில் பேசுவதால், வேறு வேறு கம்பெனிக் கருவிகளும் ஒன்றையொன்று கண்டுபிடிக்கும். வசந்தத்தில் பிளாஸ்டிக் ஷவல் வேண்டாம், உலோகம்தான். ஆனால் இந்தப் பருவத்தில் கருவிகளை நம்பி நேரத்தைத் தளர்த்துவது சரியல்ல.

பருவம் முற்ற முற்ற ஆபத்து கூடிக்கொண்டே போகும் என்று பலர் நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை, பனி முதன்முதலாக நனைகிற அந்தச் சில நாட்கள்தான் மிக மோசம். குளிர்காலத்தில் உள்ளே பதுங்கியிருந்த பலவீனமான அடுக்குகளைத் தண்ணீர் முதல் தடவையாகத் தொடும்போது மொத்தப் பாளமும் உடைந்து வருகிறது. வாரக்கணக்கில் உருகி, உறைந்து, உருகி, உறைந்தபின் தண்ணீர் தனக்கென்று வழிகளை ஏற்படுத்திக்கொள்ளும், பனியும் ஒரே சீரான கரடுமுரடான துகள்களாக மாறி அமைதியாகிவிடும். தெற்கு முகம் அந்த நிலைக்கு வந்துவிட்ட நாளில் வடக்கு முகம் அப்போதுதான் முதல் நனைதலுக்குத் தயாராகிக்கொண்டிருக்கும். தெற்குப் பக்கம் நன்றாக இருந்ததே என்ற நம்பிக்கையில் வடக்குப் பக்கம் இறங்குவது எனக்குப் பயமாக இருக்கும்.

மழை இதையெல்லாம் சுருக்கிவிடும். புதுப்பனியின் மேல் மழை விழுந்தால் சில நிமிடங்களிலேயே சரிவுகள் கிளம்பலாம், அதற்குப் பகல் இரவு கிடையாது. 1910 மார்ச் 1 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், காஸ்கேட் மலைத்தொடரில் உள்ள வெல்லிங்டன் என்ற சிறிய ரயில் ஊரில் நடந்தது இதுதான். நாட்கணக்காகக் கொட்டிய பனியால் ஒரு பயணிகள் ரயிலும் ஒரு தபால் ரயிலும் அங்கே சிக்கி நின்றன. பனிப்பொழிவு மழையாக மாறியது, இடி மின்னலோடு. நள்ளிரவு தாண்டி மேலே இருந்த சரிவு உடைந்து இரண்டு ரயில்களையும் பள்ளத்தாக்குக்குள் தள்ளியது. 96 பேர் இறந்தார்கள். அந்தச் சரிவில் முன்பு காட்டுத்தீ மரங்களை அழித்திருந்தது. பனியைப் பிடித்துவைக்க எதுவும் இல்லை. கூடாரம் போடும் இடத்தைத் தேர்வு செய்யும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். மேலே மரமில்லாத நீண்ட கோடு ஒன்று தெரிந்தால், அல்லது எல்லா மரங்களும் கீழ்ப்பக்கமாகச் சாய்ந்திருந்தால், தட்டையான அழகான இடமாக இருந்தாலும் அங்கே படுக்கக் கூடாது.

என் நேரக் கணக்குக்கு அடங்காத ஒன்று உண்டு. புல் சரிவுகளிலும் வழவழப்பான பாறைகளிலும் மொத்தப் பனியும் தரையின் மேல் மெல்ல வழுக்கிக்கொண்டிருக்கும். மேலே ஒரு வாய் பிளந்து பழுப்பாகத் தரை தெரியும். அந்தப் பிளவு நாட்கணக்கில், வாரக்கணக்கில் அப்படியே நிற்கலாம். அல்லது உறைந்த விடியற்காலையில் திடீரென்று போய்விடலாம். எப்போது போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. பிளவைப் பார்த்தால் அதற்குக் கீழே நிற்காமல் வேறு வழியில் போவோம், எவ்வளவு சுற்றானாலும் சரி.

சிகரம் ஏறாமல் பள்ளத்தாக்குப் பாதையில் மட்டும் நடக்கிறவர்களுக்கும் இது பொருந்தும். கடக்கும் ஓடைகளில் பழைய சரிவுகளின் குப்பை மூடிக் கிடக்கும். அதன் அடியில் தண்ணீர் ஓடி உள்ளே குடைந்திருக்கும். காலையில் தாங்கிய பனிப்பாலம் பிற்பகலில் தாங்கும் என்று சொல்ல முடியாது. பல நாடுகளில் பனிச்சரிவு அறிக்கைகள் 1 முதல் 5 வரை ஆபத்து நிலையைச் சொல்கின்றன. வசந்தத்தில் காலைக்கு ஒன்று, பிற்பகலுக்கு ஒன்று என்று இரண்டு வரைபடங்களும் பல இடங்களில் வரும். காலை வரைபடத்தில் 1 என்று பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். பிற்பகலில் அதே இடம் 3 ஆக இருக்கக்கூடும்.

எவ்வளவு திட்டமிட்டாலும் சில நாள் நேரம் கடந்துவிடும். ஒருவருக்குக் கால் பிசகும், வழி தவறும். அப்போது இளகிய சரிவில் வேகமாக இறங்கித் தப்பித்துவிடலாம் என்று தோன்றும். முகட்டிலேயோ, மேலே எதுவும் இல்லாத ஒரு மேட்டிலேயோ உட்கார்ந்துவிடுவதுதான் நல்லது. வெயில் போனதும் உடனே இறங்கிவிட முடியாது. நிழல் விழுந்தபின்னும் மேற்பரப்பு இறுக நேரம் பிடிக்கும், முதலில் உருவாகிற ஓட்டுக்குக் கீழே ஈரம் அப்படியே இருக்கும். கோடாரியைக் குத்திப் பார்த்து, நன்றாக இறுகியபின் இறங்க வேண்டும். சில நேரம் அது நள்ளிரவுவரைகூட ஆகும். அதற்காகவே பகல் நடைக்கும் கனமான ஒரு ஜாக்கெட், டார்ச், உட்கார ஒரு பாய்த்துண்டு, கூடுதலாகக் கொஞ்சம் சாப்பாடு பையில் இருக்கட்டும். கீழே காத்திருப்பவர்களிடமும் கிளம்புவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்: நாங்கள் மாலைக்குள் வரவில்லை என்றால், பனி இறுகுவதற்காக எங்காவது மேலே உட்கார்ந்திருக்கவும் கூடும், இத்தனை மணிக்குப் பிறகும் தகவல் இல்லையென்றால் மட்டும் மீட்புக் குழுவைக் கூப்பிடுங்கள் என்று, அந்த நேரத்தையும் சேர்த்து.